நம் வீட்டுத் தோட்டம்: பொன்னாங்கண்ணிதானா அது?

இந்த முறை நான் ஏமாந்த கதையையே எழுதுகிறேன். உங்களில் யாரும் அப்படி ஏமாறக் கூடாதே என்றுதான்.

எங்கள் ஊர் திருவரங்குளம். புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகும் வழியில் இருக்கிறது. போன வருஷம் என் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் உள்ள கீரையாயிற்றே என்று வாரம் இரண்டு நாள் பொன்னாங்கண்ணிக் கூட்டும் பொரியலுமாகச் செய்து போட்டேன். வாங்கிய கட்டில் மிஞ்சிய தண்டுகளைக் கிணற்றடியில் ஊன்றினேன். ஒரே மாதத்தில் கொழுகொழுவென்று படர்ந்துவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை!

பூ விட்டதும் என் மாமியார் குனிந்து பார்த்தார். "ஏத்தா, இது பொன்னாங்கண்ணி இல்லத்தா. அதுக்குப் பூ காம்புல நிக்காது, கணுவுலயே ஒட்டிக்கிட்டு இருக்கும்" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. கீரைக்காரம்மாவை விசாரித்தால், சாக்கடை கலக்கிற குட்டையில் பறித்ததாம். மகளை உடனே டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனோம். பயப்பட ஒன்றுமில்லை என்றார். பேரன் சுகமாகப் பிறக்கிற வரை எனக்குத் தூக்கமில்லை.

நாத்தனார் மகள் காலேஜில் தாவரவியல் படிக்கிறாள். கிளையைப் பார்த்து அவள்தான் பெயர் சொன்னாள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த 'அலிகேட்டர் வீட்' என்ற களையாம். முளைக்கீரை, நாயுருவி, பொங்கலுக்குக் காப்புக் கட்டும் சிறுபூளை எல்லாம் ஒரே குடும்பம். இந்தக் களையோ பொன்னாங்கண்ணிக்கு உடன்பிறப்பு மாதிரி. 1990-களில் ஆஸ்திரேலியாவில் குடியேறிய இலங்கைக் குடும்பங்கள்கூட, ஊர்க் கீரை என்று நம்பி இதைக் கொல்லையில் வளர்த்திருக்கிறார்கள். கடைசியில் அங்கே அரசாங்கமே மாற்றுக் கீரை ஒன்றைக் காட்டிக் களையைப் பிடுங்கச் சொல்லும்படி ஆயிற்று.

களையே விஷம் என்று நினைக்க வேண்டாம். சாக்கடைத் தண்ணீரில் உள்ள ஈயம், காட்மியம் போன்றவற்றை இழுத்துத் தன்னிடம் சேர்த்துக்கொள்கிறது, அதுதான் ஆபத்து. அசல் பொன்னாங்கண்ணியும் அங்கே வளர்ந்தால் இதே கதிதான். கழுவினாலும் போகாது.

அடையாளம் பார்ப்பது சுலபம். பொன்னாங்கண்ணிக்கு எதிரெதிராக இலை. அந்த இலைக் கக்கத்திலேயே காம்பில்லாமல் சின்ன வெள்ளைப் பூ. களைக்கு நீண்ட காம்பின் நுனியில் வெள்ளைப் பந்து மாதிரி ஒரே பூங்கொத்து. முற்றிய தண்டு குழாய் மாதிரி உள்ளே காலியாக இருக்கும். கடையில் விற்கிற சிவப்பு இலைச் சீமைப் பொன்னாங்கண்ணி வேறு இனம். அதையும் சமைக்கலாம்.

வளர்க்க விதை தேட வேண்டாம். நம்பிக்கையான இடத்தில் நாலு கணு உள்ள தண்டுகளை ஒடித்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் இருக்கும்படி ஊன்றுங்கள். செம்மண், மணல், மக்கிய சாணி எரு சம பங்கு. அகலமான தொட்டி போதும். ஒரு வாரம் நிழலில் வைத்துப் பிறகு வெயிலுக்கு மாற்றுங்கள். ஈரம் காயக் கூடாது. நல்ல தண்ணீராக ஊற்றுங்கள். ஒன்றரை மாதத்தில் முதல் அறுப்பு. அடியில் நாலு விரல் விட்டு வெட்டினால் மறுபடி தழைக்கும். வருஷக்கணக்கில் நிற்கும் செடி இது.

களையைப் பிடுங்கினால் குளத்தில் எறியாதீர்கள். ஒரு கணு கிடந்தாலும் வேர் பிடித்துவிடும். வெயிலில் நன்றாகக் காயவைத்து எரித்துவிடுங்கள்.

இன்னொன்று. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் இந்தக் கீரையை அளவோடு சாப்பிடட்டும். கண்ணுக்கு நல்லதுதான், ஆனால் பார்வையில் கோளாறு என்றால் கீரையை நம்பி டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இப்போது என் கிணற்றடியில் நிற்பது மாமியார் கையால் ஊன்றிய அசல் பொன்னாங்கண்ணி. பேரனுக்கு முதன்முதலாகப் பருப்போடு மசித்து ஊட்டிய கீரையும் அதுதான்.