ஓடுறதை ஏன் கழட்டுறியள்?

லண்டனில் 1930களில் கட்டிய வீடுகளை வாங்கிய நம்மவர்கள் பலருக்கும் இந்த ஏற்பாடு பழக்கம்: குசினி மூலையில் ஒரு காஸ் பொயிலர், மாடி அலமாரிக்குள் செப்புச் சிலிண்டர், இரண்டுக்கும் நடுவே 28 மில்லிமீற்றர் தடிப்பில் இரண்டு குழாய்கள். சிலிண்டர் பக்கம் பம்ப் கிடையாது. சுட்ட தண்ணீர் தானே ஏறும், ஆறின தண்ணீர் தானே இறங்கும். கிராவிற்றி சிஸ்டம் என்பார்கள். இதை மாற்றி முழுவதையும் பம்பில் ஓடவிடலாமே என்று வாயைத் திறந்தால் போதும், ஊர்ப்பெரியவர்களின் தோரணையில் பதில் வரும்: "ஓடுறதை ஏன் கழட்டுறியள்? கறன்ற் தேவையில்லை, செலவில்லை, நாப்பது வருசமாய் ஒரு பிழையுமில்லை."

முதலில் கறன்ற் கதை. இந்த வீடுகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது பாதிக் கிராவிற்றிதான். ரேடியேற்றர்களுக்கு எப்போதோ பம்ப் பூட்டியாயிற்று. சிலிண்டர் மட்டும் பழைய வழியில் சுடுகிறது. கறன்ற் நின்றால் அறைகள் எப்படியும் குளிரத்தான் போகின்றன. போதாததற்கு, பெரும்பாலான பொயிலர்களில் காஸ் வால்வைத் திறப்பதும் மின்சாரமே. பைலட் சுடர் மட்டும் எரிந்துகொண்டிருக்கும், அதில் குளிக்க முடியாது. பம்பின் செலவைப் பற்றிப் பேசுவதானால், 20 வாற் இழுக்கும் இன்றைய பம்ப் வருடத்துக்கு 2000 மணித்தியாலம் ஓடினாலும் 40 யூனிற்தான் ஆகும்.

அடுத்தது, "இயற்கை சும்மா தள்ளித் தருது" என்பது. எவ்வளவு தள்ளுகிறது என்று பார்ப்போம். 80 பாகை வெப்பத்தில் ஒரு லீற்றர் தண்ணீர் ஏறக்குறைய 972 கிராம். 60 பாகையில் 983. இந்த 11 கிராம் வித்தியாசம்தான் முழு எஞ்சினும். பொயிலருக்கும் சிலிண்டருக்கும் மூன்று மீற்றர் உயர இடைவெளி இருந்தால், கிடைக்கும் தள்ளுவிசை சுமார் மூன்றரைச் சென்ரிமீற்றர் உயரத் தண்ணீரின் பாரம். வீட்டுக்குப் பூட்டும் சாதாரண பம்ப் ஐந்து மீற்றர் வரை தள்ளும். கிராவிற்றிக் குழாய்கள் அவ்வளவு தடிப்பாக இருப்பதும், படுக்கையாக நீண்ட தூரம் ஓட முடியாததும், குளிக்க நினைப்பவர் வெகு நேரத்துக்கு முன்னரே சுவிச்சைப் போட வேண்டியிருப்பதும் இதனால்தான்.

ஆனால் மந்தம் அல்ல என் முறைப்பாடு. இந்தச் சிஸ்டத்துக்கு நிற்கத் தெரியாது. சிலிண்டரில் தெர்மோஸ்ரற் இல்லை. பொயிலருக்குத் தெரிந்ததெல்லாம் தன் வயிற்றுக்குள் இருக்கும் தண்ணீரின் சூடு மட்டும். சிலிண்டர் நிறையச் சுட்டபின் பொயிலர் அணைகிறது, குழாய்கள் கொஞ்சம் ஆறுகின்றன, மறுபடி பற்றுகிறது. ஒரு மே மாத மாலை நண்பர் வீட்டுக் குசினியில் இருந்து தேநீர் குடித்து முடிப்பதற்குள் அந்த 'டிக்', பின்னாலேயே வரும் 'புஸ்' என்ற சத்தம் நாலு தரம் கேட்டது. ரேடியேற்றர் போடவில்லை, யாரும் பைப்பும் திறக்கவில்லை. நான் போய்த் திறந்து பார்த்தேன். கையை ஒரு கணம்கூட வைக்க முடியவில்லை. லெஜியோனெல்லா கிருமி வளராமலிருக்க 60 பாகையில் சேமித்தாலே போதும். அந்த வீட்டில் தவழும் பிள்ளை வேறு இருந்தது. குளிர்காலத்தில் இன்னொரு கூத்து: அறையைச் சூடாக்கப் பொயிலரைப் போட்டால், வேண்டாமென்றாலும் சிலிண்டரும் சேர்ந்து கொதிக்கும்.

முழுப் பம்புக்கு மாற்றும்போது சிலிண்டரின் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் தெர்மோஸ்ரற் கட்டுகிறார்கள், குழாயில் மோட்டர் வால்வு பூட்டுகிறார்கள். தண்ணீரும் போதும், அறையும் போதும் என்றானதும் பொயிலருக்குப் போகும் கறன்ற் வெட்டுப்படும். காஸ் மிச்சமாவது இங்கேதான். பம்ப் வெறும் சுமைகாவி.

"அப்படியானால் கிராவிற்றிக் குழாயிலேயே அந்த வால்வையும் தெர்மோஸ்ரற்றையும் பூட்டினால் என்ன?" என்று கேட்பவர் விசயம் தெரிந்தவர். பூட்டலாம். பொயிலர் நல்ல நிலையிலும் கை இறுக்கமாகவும் இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன். பொயிலரையே மாற்றும் நாள் வந்தால் கதை வேறு. இங்கிலாந்தில் 2005 ஏப்ரல் முதல், விதிவிலக்குகள் தவிர, புதிதாகப் பூட்டும் காஸ் பொயிலர் கண்டென்சிங் வகையாக இருக்க வேண்டும். அதன் வயிற்றில் தண்ணீர் கொஞ்சம்தான். அது ஊர்ந்து போனால் அங்கேயே கொதித்துவிடும். கட்டட விதிகளின் வழிகாட்டியும் அப்போது முழுப் பம்புக்கு மாற்றச் சொல்கிறது.

இதற்கு நேர் எதிரான பேச்சு ஒன்றும் உண்டு, எனக்கு அதில்தான் பயம் கூட: "பம்பைப் போட்டால் முடிஞ்சுது, அரை நாள் வேலை." கூரைக்குள் ஒரு சின்னத் தொட்டி இருக்கும், அதன்மேல் கைத்தடி மாதிரி வளைந்த காற்றுக்குழாய் ஒன்று நிற்கும். பொயிலரிலிருந்து வரும் வழியில் முதலில் அந்தக் காற்றுக்குழாய், 150 மில்லிமீற்றருக்குள் தொட்டியிலிருந்து இறங்கும் குளிர்நீர்க் குழாய், அதன் பிறகே பம்ப். வரிசை பிழைத்தால் கைத்தடி வழியே தண்ணீர் தொட்டிக்குள் கொட்டும், அல்லது காற்றை உறிஞ்சும். இப்படி மாற்றிய ஒரு வீட்டில் தொட்டி மூடியைத் தூக்கினேன். முகத்தில் ஆவி அடித்தது. காற்றுக் கலந்த தண்ணீர் இரும்பைத் தின்று, ரேடியேற்றர்களின் அடியில் கறுப்புச் சேறு கட்டியிருந்தது. காஸ் பக்கத்தைத் தொடுகிறவருக்குக் காஸ் சேஃப் பதிவு இருக்க வேண்டியது சட்டம். தண்ணீர்ப் பக்கம் தெரியுமா என்று அந்த அட்டை சொல்லாது. பிரைமற்றிக் வகைச் சிலிண்டர் என்றால் அதையும் மாற்றவேண்டும்: பொயிலர் தண்ணீரையும் குளிக்கிற தண்ணீரையும் அதில் பிரித்து வைத்திருப்பது ஒரு காற்றுக்குமிழ் மட்டுமே, பம்ப் தள்ளினால் அது கலைந்துபோகும்.

பெரியவர்களின் பேச்சு முழுதாகச் சரியாகிற வீடும் இருக்கிறது: நிலக்கரியோ விறகோ எரிக்கும் வீடு. அந்த நெருப்பை எந்த சுவிச்சும் அணைக்காது. நள்ளிரவில் கறன்ற் போய்ப் பம்ப் நின்றால், சூடு போவதற்கு அந்தத் தடித்த இரண்டு குழாய்களும் சிலிண்டரும்தான் வழி. அங்கே பம்பை நம்பி அவற்றைக் கழற்றக்கூடாது. வழியில் ஒரு வால்வுகூடப் பூட்டக்கூடாது.