நெல்லுக்குப் பேர் வைத்த பெட்டி! பரணுக்குப் பாரமான பெட்டி!

திருவிடைமருதூரில் எந்தத் தெருவுக்கு வேண்டுமானாலும் போகலாம். ஏதாவது ஒரு வீட்டில் ஏணி போட்டுப் பரணில் ஏறிப் பார்க்கலாம்.

இலவச கலர் டி.வி. ஒன்று. செட்டாப் பாக்ஸ் இரண்டு. கேசட் சிக்கிய டேப் ரிக்கார்டர். மூடி தொலைந்த மிக்சி. பட்டன் தேய்ந்த செல்போன் மூன்று. எந்தப் போனுக்கு என்றே தெரியாத சார்ஜர்கள் ஒரு பை நிறைய!

"எதுக்குங்க இதெல்லாம்?" என்று கேட்டால், "கிடக்கட்டும், எதுக்காச்சும் ஆகும்" என்று பதில் வரும். எதற்கும் ஆகப்போவதில்லை. அது வீட்டுக்காரருக்கும் தெரியும்!

இந்த மோகம் நேற்று வந்ததல்ல. அதை மொத்தமாகத் தப்பு என்றும் சொல்லிவிட முடியாது. இதே வட்டாரத்தில் ஒரு பெட்டி மீது வைத்த ஆசை, ஒரு காலத்தில் களத்து மேட்டில் நெல்லாகவே குவிந்தது.

ரேடியோ நெல்

பக்கத்து ஊர் ஆடுதுறை. 1922-ல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் இருக்கிறது. 1960-களின் நடுவில் அங்கிருந்து ஏ.டி.டி.27 என்ற குறுவை ரகம் வெளிவந்தது. சுமார் 105 நாளில் அறுவடை. ஆனால் புது ரகம். பாட்டன் காலத்து விதையை விட்டுவிட்டு யார் இறங்குவார்கள்?

அங்கேதான் ரேடியோ வந்தது. திருச்சி வானொலியில் 1966-ல் விவசாயிகளுக்கென்றே தனிப் பிரிவு ஏற்பட்டது. நாற்று எப்போது விடுவது, உரம் எவ்வளவு, பூச்சி விழுந்தால் என்ன செய்வது என்று வயலில் நிற்கிறவனுக்குப் புரிகிற மாதிரி பேசினார்கள். பஞ்சாயத்து ரேடியோ முன்னாலும் டீக்கடையிலும் ஜனங்கள் கூடிக் கேட்டார்கள். தஞ்சை ஜில்லா முழுக்க அந்த நெல்லுக்கு "ரேடியோ நெல்" என்றே பேர் விழுந்தது!

ரேடியோ வைத்துக் கொள்ளத் தபாலாபீசில் லைசென்ஸ் கட்டணம் கட்டிய காலம் அது. வீட்டுக்கு வீடு ரேடியோ கிடையாது. இருந்த சில பெட்டிகளே ஒரு ஜில்லாவின் விதையை மாற்றின. பெட்டி கெட்டிக்காரப் பெட்டி அல்ல. அதற்குள்ளே பேசியவர்களுக்குக் கேட்கிறவனின் கவலை தெரிந்திருந்தது. அவ்வளவுதான்.

காதில் ப்ளூடூத், தோடு அடகில்!

இன்றைக்கும் அப்படி உழைக்கிற சாமான் இருக்கிறது. பம்பு செட்டில் மாட்டும் மொபைல் ஸ்டார்ட்டரைச் சொல்லலாம். மும்முனை மின்சாரம் நடு ராத்திரியில் வந்தால், முன்பெல்லாம் டார்ச் லைட்டோடு வரப்பில் நடக்கவேண்டும். காலடியில் பாம்பு கிடக்கும். இப்போது படுக்கையில் இருந்தபடியே போன் போட்டால் மோட்டார் ஓடுகிறது. மேட்டூர் நீர்மட்டத்தைக் காலையில் போனிலேயே பார்த்துவிடலாம். சிங்கப்பூரில் இருக்கும் மகன் முகத்தைப் பார்த்துத் தாய் பேசுகிறாள். இதையெல்லாம் வீண் என்றால் வாய் வெந்துவிடும்.

2011-ல் ஆரம்பித்த இலவச மிக்சி, கிரைண்டரும் அப்படித்தான். கேலி பேசியவர்கள் பெரும்பாலும் ஆம்பிளைகள். ஆட்டுக்கல்லில் கை ஓய்ந்த பெண்கள் கேலி பேசவில்லை!

ஆனால் நன்றாக ஓடுகிற போனைத் தூக்கிப் போட்டுவிட்டு, பக்கத்து வீட்டில் வாங்கினார்கள் என்று தவணையில் இன்னொன்று எதற்கு? முன்பணம் வேண்டாம் என்று கடையில் போர்டு தொங்கும். மாதம் பிறந்தால் தெரியும் சங்கதி. மனைவியின் தோடு அடகுக் கடையில். புருஷன் காதில் ப்ளூடூத்!

எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணிச் சொல்லும் கைக்கடிகாரமும் வந்துவிட்டது. விடிந்தது முதல் நடவு வயலில் குனிந்து நிற்கும் பெண்ணுக்கு அதை ஒரு கடிகாரம் சொல்லியா தெரியவேண்டும்?

வாங்கியதைப் பழுது பார்க்கவும் வழி குறைந்து வருகிறது. ரேடியோ ரிப்பேர்க் கடையில் ஈயம் வைத்து ஒட்டிக் கொடுப்பார்கள். இப்போது பல போன்களில் பேட்டரியையே பசை போட்டு ஒட்டி வைத்திருக்கிறார்கள். "ரிப்பேருக்குக் கொடுக்கிற காசுல புதுசே வாங்கிடலாம்" என்பதுதான் அடிக்கடி கேட்கிற பேச்சு. பழசு பரணுக்குப் போகிறது.

பரணில் இருந்து எங்கே?

2006-ல் தொடங்கி ஒன்றரைக் கோடிக்கு மேல் இலவச டி.வி. கொடுக்கப்பட்டது. அதுவரை ஜன்னலில் தொங்கிப் படம் பார்த்த பிள்ளைகளின் வீட்டுக்கும் டி.வி. வந்தது. நல்லதுதான். ஆனால் அதெல்லாம் பிக்சர் டியூப் டி.வி. அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. உடைத்துப் போட்டால் மண்ணுக்குக் கேடு. செம்புக்காக ஒயரை எரித்தால் வரும் புகை நெஞ்சுக்கு விஷம்.

சட்டம் இல்லாமல் இல்லை. மின்னணுக் கழிவு பற்றிய புதிய விதிகள் 1-4-2023 முதல் அமலில் இருக்கின்றன. மறுசுழற்சிக்குப் பொறுப்பு தயாரித்த கம்பெனிக்கு. சரி, பரணில் கிடக்கும் டி.வி.யைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்காரர் எந்தக் கம்பெனி வாசலுக்குப் போவார்? பழைய இரும்பு வியாபாரிதான் வாசலுக்கு வருகிறார். எடை போட்டுக் காசு கொடுத்துவிட்டுப் போகிறார். அதற்கப்புறம் அது எங்கே உடைபடுகிறது, யார் கேட்கிறார்கள்?

வீடு வீடாகக் குப்பை எடுக்கும் பேரூராட்சி, மாதத்தில் ஒரு நாள் இதற்கென்று தனி வண்டி விடலாம். சேர்ந்ததைப் பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரர்களிடம் ஒப்படைக்கலாம். பெரிய செலவு பிடிக்கிற காரியம் அல்ல. மாதா மாதம் முடியாவிட்டால், போகிக்கு முந்தின வாரமாவது வண்டி வரவேண்டும். பழசை எரிக்கிற அந்த விடியற்காலையில்தான் ஒயரும் பிளாஸ்டிக்கும் பாயோடு சேர்ந்து நெருப்புக்குப் போகின்றன.

அதுவரை அந்த டி.வி. பரணிலேயே இருக்கட்டும். வாய்க்கால் கரையில் எரிவதற்கு அது தேவலை!