மலிவு மனையும் மழைநீரும்

சென்னையில் உத்தியோகம் பார்க்கும் மத்தியதரக் குடும்பங்கள், நகரத்து மனை விலைக்கு ஈடுகொடுக்க இயலாமல், செங்கல்பட்டு, திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி முதலிய ஊர்களில் சொந்த வீடு வாங்க உத்தேசிப்பது இயல்பே. 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய நாள்தொட்டு நகரின் விஸ்தரிப்பு பெரும்பாலும் தண்டவாளத்தையே பின்தொடர்ந்து வந்திருப்பதால், மனைக்கும் ரயில் நிலையத்துக்கும் உள்ள தூரத்தை, விளம்பரத்தில் கண்ட நிமிஷக் கணக்கை நம்பாமல், அலுவலக நேரத்தில் தாமே பிரயாணம் செய்து நிச்சயித்துக்கொள்வது அவசியம். சீசன் டிக்கெட்டின் செலவு சொற்பம். குழந்தைகளோடு கழிக்கவேண்டிய பொழுது வண்டியில் கரைவதே பெருஞ்செலவு.

அதனினும் பிரதானமானது நீர். 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்து முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் சூழ்ந்தபோது, ஆயுட்காலச் சேமிப்பையெல்லாம் அந்த மண்ணில் இட்டிருந்த குடும்பங்கள் அடைந்த துயரத்தை மறத்தலாகாது. பட்டா, வில்லங்கச் சான்று, மனைப்பிரிவு அனுமதி ஆகியவற்றைப் பரிசீலிப்பதோடு நில்லாமல், அந்நிலம் பழைய ஏரியின் வரத்துக்காலா என்பதைக் கிராம வரைபடத்தில் நோக்கி, ஐப்பசி கார்த்திகை மழையில் ஒருமுறை நேரில் சென்று, அவ்வூர்ப் பெரியவர்களை விசாரித்த பின்னரே முன்பணம் கொடுத்தல் வேண்டும். நீர்நிலைகளின் எல்லைகளை ஒவ்வோர் ஊராட்சி அலுவலகத்திலும் பகிரங்கமாக எழுதிவைக்க உத்தரவிடுமாறு அரசாங்கத்தைக் கேட்டுக்கொள்கிறோம்.