கோபுரத்தோடு முடிந்துவிடாத மதுரை

மதுரையில் காணத்தக்கவை மீனாட்சியம்மன் கோயிலும் திருமலை நாயக்கர் மகாலுமே, குடியிருப்புத் தெருக்களில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்னும் நம்பிக்கை, வெளியூர்ப் பயணிகளிடம் மட்டுமன்றி மதுரைக்காரர்களிடமும் ஊறிப்போயிருக்கிறது. வரலாறு என்றால் அண்ணாந்து பார்க்கும்படி கல்லால் எழுப்பப்பட்டிருக்க வேண்டும் என்னும் பிழையான அளவுகோலே இதற்கு அடிப்படை.

நாயக்கர் காலக் கோட்டையையே எடுத்துக்கொள்ளலாம். 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன், மதிலை இடித்து அகழியை, அதாவது கோட்டையைச் சூழ்ந்த நீர்ப்பள்ளத்தை, தூர்ப்பவர்களுக்கே அந்நிலம் சேரும் என அறிவித்தபோது, கோட்டை மறைந்து தெருக்கள் முளைத்தன. வெளிவீதிகள் அவ்வாறு உருவானவை. நிலஅளவையாளர் மாரட், வேலையாட்களை மேற்பார்த்த பெருமாள் மேஸ்திரி ஆகியோரின் பெயர்களை மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இன்றும் தாங்கி நிற்கின்றன. கோட்டையைக் காணவில்லையே என ஏங்கும் பயணி, அதன் எல்லையின் மேலேயே நடந்துகொண்டு ஏங்குகிறார்.

வீடுகளின் நிலையும் இதுதான். 1896 சூலையில், சொக்கப்ப நாயக்கன் தெருவில் ஒரு வீட்டின் மாடியறையில், பதினாறு வயது வேங்கடராமனை மரண பயம் பற்றிய அனுபவம் ஆட்கொள்ள, அச்சிறுவன் பின்னாளில் இரமண மகரிசியானார். 1921 செப்டம்பர் 22இல், மேலமாசி வீதியில் தாம் தங்கியிருந்த வீட்டில்தான் காந்தி மேலாடை துறந்து அரையாடைக்கு மாறினார். மேல அனுமந்தராயன் கோயில் தெருவில் எம். எஸ். சுப்புலட்சுமி வாழ்ந்த வீட்டின் முகப்பில் வீணைச் சின்னம் உண்டு. தெருக்களில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்போர், பார்வைக்கு ஆடம்பரமில்லாததை இல்லாததாகவே கணக்கிட்டுவிடுகின்றனர்.

குடியிருப்போரின் அமைதியைப் பயணிகள் கெடுப்பர் என்னும் மறுப்பில் நியாயமுண்டு. ஆயினும் அது வாயிற்படியில் நின்று படமெடுக்கும் பழக்கத்துக்கு எதிரான வாதமே ஒழிய, தெருவை நடந்து அறிவதற்கு எதிரானதன்று.

நகரத்துக்கு வெளியே இந்த அலட்சியம் இன்னும் கெட்டிப்பட்டிருக்கிறது. மதுரை–இராசபாளையம் சாலையிலுள்ள டி. கல்லுப்பட்டி, 1976இல் தொல்லியல் துறை அகழாய்வு நடத்திய ஊர். அங்கே 1940இல் தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமத்தில், கிராமப் பொருளாதாரத்தை ஒரு தத்துவமாகவே வகுத்த ஜே. சி. குமரப்பா தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தார். கோயில் பார்க்கத் திருவில்லிபுத்தூர் செல்லும் சுற்றுலா வாகனங்கள், கல்லுப்பட்டியில் தேநீருக்காக மட்டுமே நிற்கின்றன.