கோடை ஆட்டக் கணக்கும் வரும் பருவத்து அணியும்

கல்லூரிகள் திறந்துவிட்டன. சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் ஏப்ரல் முதல் ஜூன் வரை நடந்த கோடைக் கிரிக்கெட் போட்டிகளின் முடிவுகள் மாணவர்களின் கைப்பேசிகளில் இன்னமும் சுற்றி வருகின்றன. யார் எத்தனை ஓட்டம் குவித்தார், யார் எத்தனை விக்கெட் வீழ்த்தினார் என்னும் பட்டியல்களைக் கையில் வைத்துக்கொண்டு, வரும் பருவத்தின் பல்கலைக்கழக அணியில் எவரெவர் இடம்பெறுவர் என்ற பேச்சும் தொடங்கிவிட்டது. புள்ளியியல் படிப்பவன் என்ற முறையிலும், இவ்விரு மாவட்டங்களின் மைதானங்களைச் சில ஆண்டுகளாகக் கவனித்து வருபவன் என்ற முறையிலும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பட்டியல்கள் அவ்வளவு பெரிய தீர்ப்பைத் தாங்கக்கூடியவை அல்ல. அவற்றைக் கொண்டு அணி அமைப்பது திறனை அளப்பதாகாது. பெரும்பகுதி அதிர்ஷ்டத்தையும், ஓரளவு குடும்ப வசதியையும் அளப்பதாகும்.

இதை ஒரு விளையாட்டுச் செய்தியாக மட்டும் கருத இயலாது. பல்கலைக்கழக அணியில் இடம்பெற்றமைக்கான சான்றிதழ், விளையாட்டு ஒதுக்கீட்டின்கீழ் மேற்படிப்பிலோ வேலையிலோ சேர விரும்பும் மாணவனுக்குப் பெருந்துணை. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான கிரிக்கெட்டுக்குரிய ரோஹின்டன் பாரியா கோப்பை 1935-36 முதல் நடைபெற்று வருகிறது. அதற்குச் செல்லும் வழி தென்மண்டலப் போட்டி. அங்குத் தொடக்கச் சுற்றுகளில் ஒரு தோல்வியே அணியை வீட்டுக்கு அனுப்பிவிடும். ஆகவே பிழையான தேர்வு அணிக்கும் இழப்பு, விடுபட்ட மாணவனுக்கும் இழப்பு. பின்னவன் தன் இழப்பை முறையிடவும் இடமில்லை. “கோடையில் நீ ஆடவில்லையே” என்ற ஒரு சொல்லில் அவன் வழக்கு முடிந்துவிடுகிறது.

முதலில் எண்ணிக்கையைப் பார்ப்போம். ஒரு கோடையில் ஒரு கல்லூரி மட்டையாளர் முறையான போட்டிகளில் ஆடுவது ஐந்து அல்லது ஆறு இன்னிங்ஸ் என்று வைத்துக்கொள்வோம். கிரிக்கெட்டில் ஓர் இன்னிங்ஸின் ஓட்ட எண்ணிக்கை மிகவும் சிதறலானது. பத்துக்குள் ஆட்டமிழப்பது அடிக்கடி நிகழும், ஐம்பது அரிது, நூறு மிக அரிது. இந்தச் சிதறல் ஏறத்தாழ ஒரு பெருக்குத் தொடர் வரிசையில் அமைகிறது என்பதை ஜி. எச். வுட் என்பவர் 1945-இலேயே அரச புள்ளியியல் கழகத்தின் ஆய்விதழில் ஆராய்ந்திருக்கிறார்.

இதன் விளைவை ஒரு கற்பனைக் கணக்கால் காட்டலாம். முப்பது மாணவர்கள், முப்பதின்மருக்கும் திறன் முற்றிலும் சமம், ஒவ்வொருவரின் உண்மையான சராசரியும் 24. ஒவ்வொருவரும் ஐந்து இன்னிங்ஸ் ஆடுகின்றனர். ஆட்டமிழக்காமல் நிற்பது போன்ற சிக்கல்களை விலக்கிவிட்டுக் கணக்கிட்டால், பட்டியலில் முதலிடம் பெறுபவரின் சராசரி 48-ஐ ஒட்டி நிற்கும். கடைசி இடத்தில் இருப்பவருடையது 8-ஐ ஒட்டி நிற்கும். திறனில் இம்மியும் வேறுபாடில்லாத முப்பது பேரிடையே ஆறு மடங்கு வேறுபாட்டைத் தற்செயல் மட்டுமே உண்டாக்கிவிடுகிறது! நாம் முதல்வரைக் கொண்டாடுகிறோம், கடைசியில் இருப்பவரை வீட்டுக்கு அனுப்புகிறோம். அதே முப்பது பேர் இருபத்தைந்து இன்னிங்ஸ் ஆடினால் முதலிடம் 34-க்கும் கடைசியிடம் 15-க்கும் அருகே சுருங்கிவிடும். ஆட்டங்கள் பெருகப் பெருகத்தான் தற்செயலின் இரைச்சல் அடங்கித் திறனின் குரல் கேட்கத் தொடங்குகிறது.

கோடையில் வெளுத்து வாங்கியவர் பருவம் தொடங்கியதும் சோர்ந்துபோனால், “தலைக்கனம் ஏறிவிட்டது”, “பயிற்சியை விட்டுவிட்டான்” என்று நாம் காரணம் கற்பிக்கிறோம். பெரும்பாலான வேளைகளில் அங்கே காரணமே வேண்டியதில்லை. உச்சியில் கண்டெடுக்கப்பட்டவர் அடுத்த முறை சராசரியை நோக்கி இறங்குவது, கால்டன் 1886-இல் பெற்றோர், பிள்ளைகள் உயரங்களைக் கொண்டு காட்டிய அதே பொது நியதி. கோடையில் சொதப்பியவர் பருவத்தில் தேறுவதும் அந்நியதியின் மறுபக்கமே.

இத்துறையில் மிகப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு கிரிக்கெட்டிலிருந்து வந்ததன்று. அதன் ஒன்றுவிட்ட உறவான பேஸ்பாலிலிருந்து வந்தது. பிராட்லி எஃப்ரான், கார்ல் மோரிஸ் என்னும் புள்ளியியலாளர் இருவர் அமெரிக்காவின் 1970-ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்து பதினெட்டு ஆட்டக்காரர்களை எடுத்துக்கொண்டனர். ஒவ்வொருவரின் முதல் 45 மட்டை வாய்ப்புகளை மட்டும் பார்த்து, மீதிப் பருவத்தை முன்கணிக்க முயன்றனர். அப்போது ரொபர்டோ கிளெமென்டே முதலிடத்தில் இருந்தார். 45-க்கு 18, அதாவது 0.400. மீதிப் பருவத்தில் அவர் பெற்றது 0.346. கடைசியில் இருந்த மாக்ஸ் ஆல்விஸ் 0.156-லிருந்து 0.200-க்கு உயர்ந்தார். பதினெண்மரின் பொதுச் சராசரியான 0.265-ஐ நோக்கி ஒவ்வொருவரின் எண்ணையும் இழுத்துச் சுருக்கிக் கணித்தபோது, பதினெட்டில் பதினாறு பேருக்கு அக்கணிப்பே உண்மைக்கு அருகில் அமைந்தது. கிளெமென்டே மாபெரும் ஆட்டக்காரர் என்பதை எவரும் மறுக்கவில்லை. அவரைப் போன்றவருக்கே தொடக்க எண் மிகையாக இருந்தது என்றால், ஐந்து இன்னிங்ஸ் ஆடிய நம் மாணவர்களின் எண்களை எவ்வளவு சுருக்கிப் படிக்க வேண்டும் என்பதே கேள்வி.

எண்ணிக்கைக்கு அடுத்தது களம். கோடை ஆட்டம் எதை அளக்கிறது? இதற்கும் பேஸ்பால் நல்ல ஒப்பீடு தருகிறது. அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் 1974 முதல் உலோக மட்டைக்கு அனுமதி உண்டு. தொழில்முறை ஆட்டத்திலோ மரமட்டை மட்டுமே. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கல்லூரி மாணவர்களுக்காக நடக்கும் கேப் காட் கோடை லீக், 1985-இல் மரமட்டைக்குத் திரும்பியது. அதனால் அங்கே கோடை என்பது கல்லூரிப் பருவத்தைவிடக் கடினமான சோதனை. உலோக மட்டையில் அடித்துக் குவித்தவர் மரமட்டையில் என்ன செய்கிறார் என்று பார்க்கத் தேர்வாளர்கள் அங்கே வந்து அமர்கின்றனர்.

நம் நிலை இதற்கு நேர்மாறு. இங்குக் கோடைப் போட்டிகளில் பெரும்பாலானவை டென்னிஸ் பந்தில், வறண்ட ஏரிப் படுகையிலோ பள்ளி மைதானத்திலோ, குறுகிய எல்லைக்குள், எட்டு அல்லது பத்து ஓவர்களாக நடப்பவை. டென்னிஸ் பந்துக்குத் தையல் கிடையாது. அது தோல் பந்தைப் போல் காற்றில் வளைவதோ தரையில் பட்டு விலகுவதோ இல்லை. குறுக்கே மட்டையை வீசி இடுப்புக்கு மேலே எழும் பந்தைத் தூக்கி அடிக்கும் பழக்கம் அங்கே பரிசு பெறும். தோல் பந்தில் அதே பழக்கம் ஸ்லிப்பில் காட்சாக முடியும். பருவம் மாறும்போது வானிலையும் மாறிவிடுகிறது. ஆந்திரத்தின் இத்தென்கோடி வடகிழக்குப் பருவமழையில் நனையும் பகுதி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பயிற்சியே பல நாள் தடைபடும். அதன்பின் ஈரம் உலராத ஆடுகளத்தில், புதுத் தோல் பந்தை எதிர்கொள்ள வேண்டும். மே மாதத்துக் கட்டாந்தரையில் பெற்ற எண் அந்தக் காலை நேரத்தைப் பற்றி நமக்குச் சொல்வது மிகக் குறைவு.

மூன்றாவது காரணம் என்னை மிகவும் உறுத்துவது. கோடைப் பட்டியலில் பெயரே இல்லாதவர்கள் யார்? சித்தூர்ப் பகுதி தோத்தாபுரி மாம்பழத்துக்கும் மாங்கூழ் ஆலைகளுக்கும் பெயர்பெற்றது. அறுவடையும் ஆலை வேலையும் உச்சத்தில் இருக்கும் வாரங்களில்தான் கோடைப் போட்டிகளின் இறுதிச் சுற்றுகளும் நடக்கின்றன. தோப்பில் காய் பறிக்கவும், மண்டியில் எடை போடவும், ஆலையில் இரவு முறைக்கும் செல்லும் மாணவர்கள் நம் வகுப்புகளிலேயே இருக்கின்றனர். திருப்பதியில் கோடை விடுமுறை என்பது பக்தர் கூட்டம் பெருகும் காலம். விடுதிகளும் உணவகங்களும் கடைகளும் ஆள் தேடும் காலம். அடுத்த ஆண்டுக் கட்டணத்தை அங்கே ஈட்டும் மாணவனுக்கு மாலை ஆட்டம் எங்கிருந்து வரும்? நகரி, புத்தூர், சத்தியவேடு பகுதிகளிலிருந்து ரயிலேறிச் சென்னையில் கோடைப் பயிற்சி பெறும் மாணவனும், இவனும், ஒரே பட்டியலால் அளக்கப்படுகின்றனர். ஆடாதவனுக்குச் சுழியம் போடும் அளவுகோல் திறனை அளப்பதாகச் சொல்லிக்கொண்டு ஓய்வு நேரத்தை அளக்கிறது. மகளிர் அணிகளின் நிலை இன்னும் இறுக்கமானது. அவர்களுக்குக் கோடையில் கிடைக்கும் ஆட்டங்களே சொற்பம். இரண்டு மூன்று ஆட்டங்களை வைத்து ஓராண்டைத் தீர்மானிக்கிறோம்.

இதற்கு அனுபவமுள்ள உடற்கல்வி இயக்குநர்கள் கூறும் மறுமொழியை நான் மதிக்கிறேன்: “எண் பொய் சொல்லலாம்; பழகிய கண் சொல்லாது.” கால் நகர்வு, தலை நிலை, பந்தை எவ்வளவு தாமதமாக ஆடுகிறான் என்பவற்றை ஒரே மாலையில் கண்டுகொள்ளும் கண்கள் உண்டு. அப்படியானால் கோடையை அந்தக் கண்ணுக்கே விடுவோம். எப்படி ஆடினான் என்று குறிப்பெழுதுவோம். எத்தனை எடுத்தான் என்பதை ஒதுக்கி வைப்போம். ஆனால் நடைமுறையில், கண் முதலில் எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் ஆட்டத்தைப் பார்க்கிறது. நூறு அடித்தவனின் கால் நகர்வு எல்லோருக்கும் அழகாகவே தெரியும்.

சுனில் கவாஸ்கர் தம் முதல் ரஞ்சி ஆட்டத்தில் மைசூருக்கு எதிராகச் சுழியத்தில் ஆட்டமிழந்தார். அடுத்த ஆட்டத்தில் ராஜஸ்தானுக்கு எதிராக 114 எடுத்தார். இத்தகைய கதைகளை நாம் ஊக்கமூட்டச் சொல்வதுண்டு. ஆய்வாளனாக எனக்கு அக்கதையின் மறுபாதியே பெரிதாகப் படுகிறது. இரண்டாம் வாய்ப்புப் பெற்றவர்களின் கதையே நமக்குக் கிடைக்கிறது. முதல் சுழியத்தோடு நிறுத்தப்பட்டவர்களின் இரண்டாவது ஆட்டம் எந்த ஏட்டிலும் பதிவாகவில்லை. நம் தேர்வு முறை சரியாகவே இயங்குகிறது என்று நாம் நம்புவதற்குக் காரணம், அதன் பிழைகள் கண்ணுக்குத் தெரியாதவை என்பதே.

ஆகவே, இப்பருவத்துக்கு என் முன்கணிப்பு என்ன என்று கேட்கும் நண்பர்களுக்கு: கோடையில் முதல் ஐந்து இடங்களைப் பெற்றவர்களில் சிலர் இறங்குவர், பட்டியலின் அடியில் இருந்தும், பட்டியலுக்கு வெளியே இருந்தும் சிலர் எழுவர். எவரெவர் என்று பெயர் சொல்ல இப்போதுள்ள தரவு போதாது. அதைப் போதுமானதாக்குவது நம் கையில் இருக்கிறது. அதற்குப் பெரிய செலவும் ஆகாது.

உத்தேசப் பட்டியலைப் பதினைந்து பேரோடு அடைக்காமல் முப்பது பேரோடு நவம்பர் வரை திறந்து வைக்கலாம். வாரம் இரு பயிற்சி ஆட்டங்களைத் தோல் பந்தில் நடத்தி, ஒவ்வொருவருக்கும் குறைந்தது பதினைந்து இன்னிங்ஸ் வாய்ப்பளிக்கலாம். மழை சில ஆட்டங்களைத் தின்னும் என்பதாலேயே ஆகஸ்டில் தொடங்குவது நல்லது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஸ்கோர் ஏடு எழுதி, பந்து எது, களம் பாய் விரித்ததா புல்தரையா, எதிரணி எது என்பவற்றையும் அதில் குறித்துக் கல்லூரியிலேயே பாதுகாக்கலாம். இதற்கு மட்டை பிடிக்கத் தெரிந்தவர் வேண்டியதில்லை. திருவேங்கடவன் பல்கலைக்கழகத்திலும் இணைப்புக் கல்லூரிகளிலும் புள்ளியியல் பயிலும் மாணவர்கள் ஆளுக்கொரு வாரம் பொறுப்பேற்றால் போதும். அவர்களுக்கும் அது பாடநூலில் கிடைக்காத பயிற்சி. வேகப்பந்து வீச்சாளர்கள் கோடையில் எத்தனை ஓவர் வீசினர் என்று கேட்டுக் குறித்துக்கொள்வதும் வேண்டும். மூன்று மாதம் ஓயாமல் வீசிய தோளை ஆகஸ்டில் மேலும் சோதிப்பது, அதை டிசம்பரில் இழப்பதற்கான நேர்வழி. எல்லாவற்றுக்கும் மேலாக, இறுதிப் பட்டியலை வெளியிடும் நாளில், எத்தனை இன்னிங்ஸின் அடிப்படையில் அது அமைந்தது என்பதையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடலாம்.

இதைப் படிக்கும் மாணவர்களுள் இந்தக் கோடையில் நன்றாக ஆடியவர்கள் இருந்தால், மகிழுங்கள். ஆனால் அந்த எண்ணை வாக்குறுதியாகக் கொள்ளாதீர்கள். ஆட முடியாமல் போனவர்கள் இருந்தால், ஆகஸ்டு முதல் வாரம் மைதானத்துக்கு வாருங்கள். உங்கள் கணக்கு இன்னும் தொடங்கவேயில்லை. பேராசிரியர்களுக்கும் தேர்வுக் குழுவினருக்கும் ஒரு விண்ணப்பம் மட்டும்: ஜூலையில் பெயர்களை எழுதத் தொடங்கும்போது பென்சிலில் எழுதுங்கள்.