ஏழு நொடிக்கு ஒன்பது தொலைநோக்கி

பி.காம். படிக்கிறவனுக்கு நட்சத்திரத்தோட என்ன சகவாசம்னு கேக்குறீங்களா? இருக்கு, சொல்றேன்.

ஊட்டி பக்கத்துல முத்தொரையில மலைச்சரிவு நெடுக ஒரு கம்பிப் பந்தல் நிக்குதே, பார்த்திருப்பீங்க. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில டாடா ஆராய்ச்சி நிறுவனம் கட்டி, 1970-ல இயங்க ஆரம்பிச்ச ரேடியோ தொலைநோக்கி. சூரியக் காற்றைக் கணக்கெடுக்கிறது அதோட வேலைகள்ல ஒண்ணு. சூரியனுக்கும் நமக்கும் 15 கோடி கி.மீ. இடைவெளி இருக்கு, அதனால பிழைச்சோம்.

பிராக்சிமா சென்டாரி கதை வேற. சூரியனுக்கு அடுத்து நமக்குப் பக்கத்துல இருக்கிற நட்சத்திரம் அதுதான், 4.2 ஒளியாண்டு. சின்ன, மங்கலான சிவப்புக் குள்ளன். 2016-ல அதுக்கு ஒரு கோளைக் கண்டுபிடிச்சாங்க. தண்ணி திரவமா இருக்கக்கூடிய தூரம்னு சொன்னதும், முதல் வருஷத்துல எங்க சுவர்ப் பத்திரிகையில "பக்கத்து வீட்டுல இன்னொரு பூமி"ன்னு எழுதினது நான்தான்! கைதட்டல்கூட கிடைச்சது.

நான் விட்டுட்டது இதுதான். அந்தக் கோள் தன் நட்சத்திரத்தை, பூமி–சூரியன் தூரத்துல இருபதுல ஒரு பங்குல சுத்துது. 2019-ல ஒன்பது தொலைநோக்கிகள் சேர்ந்து, சில மாசத்துல மொத்தம் 40 மணி நேரம் பிராக்சிமாவையே பார்த்தாங்க. மே 1-ம் தேதி ஒரு வெடிப்பு. நீடிச்சது வெறும் ஏழு நொடி. ஹப்பிள் பார்த்த புற ஊதாவுல வெளிச்சம் 14,000 மடங்கு ஏறிச்சு. அல்மா பார்த்த மில்லிமீட்டர் அலையில ஆயிரம் மடங்குக்கு மேல. சிவப்பு ஒளியில பார்த்த டெஸ்ஸுக்கோ ஒரு சதவீதம்கூட கூடல! அதை மட்டும் நம்பியிருந்தா "ஒண்ணும் பெருசா நடக்கல"ன்னு எழுதியிருப்போம்.

எஸ்டேட்ல பசுந்தேயிலைக்குக் காட்டுல ஒரு எடை, ஃபேக்டரியில மறுபடி ஒரு எடை. ரெண்டையும் ஒப்பிடாம கணக்கு முடிக்க மாட்டாங்க. ஆடிட்டும் அப்படித்தான், கேஷ் புக்கை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட முடியுமா?

ஏழு நொடிக்கா இத்தனை செலவுன்னு ஒரு நண்பன் கேட்டான். அந்த ஏழு நொடிகள் அடிக்கடி வந்தா, கோளோட காற்றே மிஞ்சுமாங்கிறதுதான் கேள்வி. நம்ம ஆஸ்ட்ரோசாட்டும் இதுல சேர்ந்திருக்கு. 2015-ல ஏவின அந்தச் செயற்கைக்கோள், 2017-ல ஹப்பிள், சந்திராவோட ஒரே நேரத்துல பிராக்சிமாவைப் பார்த்தது.

தூரத்தை மட்டும் வெச்சு ஒரு கோளுக்கு "வாழத் தகுந்தது"ன்னு முத்திரை குத்தக் கூடாதுங்கிறது என் கட்சி. என் சுவர்ப் பத்திரிகைக் கட்டுரைக்கு இந்தப் பதிவு திருத்தம். கொஞ்சம் லேட்டுதான், மன்னிச்சுக்கோங்க.