மூன்றாம் மைல்கல்லருகே



உரோமாபுரி சென்று திரும்பிய குரு ஒருவர் எழுதப் புகுந்தால் புனித இராயப்பர் பேராலயத்திலிருந்தே தொடங்குவார் என்று எதிர்பார்ப்பீர்கள். அதனை எழுத நம்மினும் தக்கோர் பலர் உளர். பலர் எழுதியும் விட்டனர். இம்மாதம் நாம் எழுத விரும்புவது, நகர மதிலுக்கு வெளியே ஒரு பழஞ்சாலையில் மிதிவண்டியேறிச் சென்ற ஒரு காலைப்பொழுதைப் பற்றியே.

மிதிவண்டி என்றதும் நம் உபதேசியார் ஏறி வரும் பழைய வண்டியை நினைத்துவிடாதீர்கள். இது மின்சார மிதிவண்டி. சட்டத்தில் ஒரு மின்கலமும் சிறிய மோட்டாரும் பொருத்தியிருக்கின்றனர். ஆயினும் நாம் மிதித்தால்தான் மோட்டார் துணைக்கு வரும். மிதிப்பதை நிறுத்தினால் அதுவும் ஓய்ந்துவிடும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் அத்துணை நின்றுவிட வேண்டும் என்பது ஐரோப்பியச் சட்டம். இறையருளும் மனித முயற்சியும் இணைந்து செயலாற்றுவதை மறைக்கல்வி வகுப்பில் விளக்க இதனினும் பொருத்தமான உவமை கிடைப்பது அரிது. எனினும் அதனை இங்கு வளர்க்கப் போவதில்லை. அது சிறுவர்களுக்காக இருக்கட்டும்.

முதலில் நாம் தயங்கினோம் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். வேதசாட்சிகளின் கல்லறைகளை நோக்கிச் செல்பவன் நடந்து செல்வதன்றோ முறை? மோட்டார் பொருத்திய பக்தியும் ஒரு பக்தியா? நம் வலது முழங்காலோ வேறு விதமாகக் கருதியது. உரோமையில் திருச்சபைச் சட்டம் பயிலும் நம் மறைமாவட்டத்து இளங்குரு ஒருவர், "சுவாமி, சின்னப்பரே கப்பலில்தான் வந்தார்" என்று கூறி நம் வாயை அடைத்துவிட்டார். ஆகவே தலைக்கவசம் அணிந்து, எழுவர் கொண்ட குழுவில் ஒருவராகப் புறப்பட்டோம். அகழ்வாய்வு பயின்ற ஓர் இளம்பெண் எமக்கு வழிகாட்டியாக முன்னே சென்றாள்.

பழைய மதிலில் உள்ள புனித செபஸ்தியார் வாயிலைக் கடந்ததும் ஆப்பியா சாலை தொடர்கிறது. கி.மு. 312-ஆம் ஆண்டில் ஆப்பியுஸ் கிளாவுதியுஸ் என்ற அதிகாரி இதனை அமைக்கத் தொடங்கினார். தென்னாட்டில் நடந்த போருக்குப் படைகளை விரைந்து அனுப்பவே இச்சாலை பிறந்தது. முதலில் காப்புவா நகர் வரை சென்றது. பின்னர் கீழ்க்கடற்கரையிலுள்ள பிரிந்திசித் துறைமுகம் வரை, 500 கிலோமீட்டருக்கும் மேலாக நீண்டது. உரோமையர் இதனைச் சாலைகளின் அரசி என்றனர். 2024-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்றது.

சாலையின் அகலம் நான்கு மீட்டருக்குச் சற்று மேல். எதிரெதிரே வரும் இரு வண்டிகள் விலகிச் செல்லப் போதுமானது. எரிமலைக் குழம்பு இறுகியதால் உண்டான கரும்பாறையைப் பலகோண வடிவில் வெட்டி, ஒன்றோடொன்று பொருத்திப் பாவியிருக்கின்றனர். பழைய கற்கள் வெளித்தெரியும் இடங்களில் வண்டிச் சக்கரங்கள் தேய்த்த தடங்களை இன்றும் காணலாம். அக்கற்களின்மேல் மிதிவண்டி ஓட்டுவது எத்தகையது என்பதை நம் பற்களைக் கேட்டால் சொல்லும். மோட்டாரின் வலிமையெல்லாம் அங்குப் பயனற்றது. ஓரத்து மண் தடத்தில் இறங்கி ஓட்டுமாறு வழிகாட்டி பலமுறை கூறியும், நாம் கல்லின்மீதே சென்றோம். காரணம் இதுதான்: கைதியாக உரோமைக்குக் கொண்டுவரப்பட்ட சின்னப்பர் இச்சாலை வழியாகவே வந்தார். நகருக்கு 60 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த ஆப்பியு சந்தை வரை உரோமைக் கிறிஸ்தவர்கள் சென்று அவரை எதிர்கொண்டனர் என்று அப்போஸ்தலர் பணிகள் நூலின் இறுதி அதிகாரம் கூறுகிறது. அவர் காலடி பட்டது மண் தடத்தில் அன்று, இக்கற்களில் அல்லவா?

வாயிலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள், உரோமையை விட்டு ஓடிய இராயப்பர் ஆண்டவரை எதிரில் சந்தித்ததாகக் கூறப்படும் இடத்தில் சிறு கோயில் ஒன்று உள்ளது. அக்கதை திருநூலில் இல்லை. பிற்கால ஆகமம் ஒன்றில் வருவது. அங்குக் காட்டப்படும் பாதச்சுவடுள்ள கல், யாரோ ஒரு புறமதத்தினர் பயணம் நலமாக முடிந்ததற்காக நேர்ந்து வைத்தது என்பது ஆய்வாளர் கருத்து. ஒரு செபம் சொல்லிவிட்டு நகர்ந்தோம்.

புனித கலிஸ்துவின் சுரங்கக் கல்லறைகளில் வண்டிகளை நிறுத்திவிட்டு உள்ளே இறங்கினோம். நகர மதிலுக்குள் இறந்தோரை அடக்கம் செய்யலாகாது என்பது உரோமையரின் மிகப் பழைய சட்டம். ஆதலால் செல்வர் சாலையோரத்தில் மாளிகை போன்ற கல்லறைகளை எழுப்பினர். அவ்வாறு எழுப்ப இயலாதோர் மண்ணுக்குள் சென்றனர். இங்குள்ள பாறை வெட்டும்போது மென்மையாக இருந்து, காற்றுப் பட்டதும் இறுகும் இயல்புடையது. அதனால்தான் நான்கு அடுக்குகளில், ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நீளத்திற்கு வழிகளைக் குடைய முடிந்தது. கிறிஸ்தவர்கள் இங்கே ஒளிந்து வாழ்ந்தனர் என்று நாம் சிறுவயதில் கேட்டது சரியன்று; இவை அடக்கம் செய்யவும், இறந்தோரை நினைந்து மன்றாடவும் ஏற்பட்ட இடங்களே. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த பாப்பரசர்கள் ஒன்பதுபேரை அடக்கம் செய்த அறையில் சற்று நேரம் நின்றோம். 258-ஆம் ஆண்டில் வேதசாட்சியாக மரித்த பாப்பரசர் இரண்டாம் சிக்ஸ்துவும் அவர்களுள் ஒருவர்.

ஆயினும் அவ்வறையைவிட நம்மை நிறுத்தியவை, இருமருங்கும் அலமாரித் தட்டுகள்போல் அடுக்கடுக்காக வெட்டப்பட்ட எளியோரின் குழிகளே. அவற்றுள் சிறு குழிகள் எத்தனை! கையகல நீளமேயுள்ளவை, பச்சிளங் குழந்தைகளுடையவை. பெயர் பொறிக்கக் கூலி கொடுக்க இயலாதவர்கள், பின்னர் வந்து அடையாளம் காண்பதற்காகக் குழியை மூடிய ஈரச் சுண்ணச்சாந்தில் ஒரு காசையோ, கண்ணாடித் துண்டையோ, சிறு பொம்மையையோ அழுத்தி வைப்பதுண்டாம்.

இக்கல்லறைத் தோட்டத்திற்குப் பெயர் தந்த கலிஸ்துவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் அடிமையாக இருந்தவர். சர்தீனியத் தீவின் சுரங்கங்களில் வேலை செய்யுமாறு தண்டிக்கப்பட்டவர். விடுதலை பெற்றுத் திரும்பியபின் இக்கல்லறைகளைக் காக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் ஏறத்தாழ 217-இல் பாப்பரசரானார். இவற்றையெல்லாம் எழுதி வைத்தவர் அவருடைய கடும் எதிரியான ஹிப்பொலித்து என்பவர். ஏளனம் செய்யவே எழுதினார் போலும்! நமக்கோ அது பெருமையாகிவிட்டது.

மீண்டும் வெயிலுக்கு வந்து வண்டியேறினோம். மக்சென்ஸியுஸ் அரசன் கட்டிய தேரோட்டக்களத்தின் சுவர்களை ஓட்டிக்கொண்டே பார்த்தோம். 312-இல் கொன்ஸ்தந்தீனிடம் தோற்று தீபர் ஆற்றில் மூழ்கி இறந்தவன் அவன். அங்கே புல் நன்றாக வளர்ந்திருந்தது.

சற்று மேட்டில், மூன்றாம் மைல்கல் இருந்த இடத்தருகே, வட்டமான கோட்டை போன்ற கல்லறை ஒன்று நிற்கிறது. விட்டம் சுமார் 30 மீட்டர். உச்சியில் தெரியும் மதிற்பற்கள் பழையவை அல்ல. பாப்பரசர் எட்டாம் பொனிப்பாஸின் குடும்பத்தார் பிற்காலத்தில் இதனைக் கோட்டையாக்கிச் சாலையில் செல்வோரிடம் சுங்கம் வாங்கியபோது எழுப்பியவை. (இதை நாம் மறைப்பானேன்? திருச்சபை வரலாற்றில் இதுவும் உள்ளது.) உள்ளே அடக்கம் செய்யப்பட்டவள் செசிலியா மெத்தெல்லா என்ற பெருங்குடிப் பெண். அவளைப் பற்றி அக்கல்வெட்டு கூறுவன இரண்டே: இன்னார் மகள், கிராசுஸ் என்பவனுக்கு உரியவள். இத்துணைப் பெரிய கல்லறைக்குள் கிடந்தவள் நல்லவளா, எப்போது இறந்தாள், எவரேனும் அவளுக்காக அழுதனரா? ஒன்றும் அறியோம். சுரங்கத்தில் காசு பதித்த குழியின் முன்னாவது யாரோ அழுதிருக்கின்றனர்.

வழிகாட்டி அங்கே எங்களை வட்டமாக நிறுத்தி, அவளுடைய கணவன், பெருஞ்செல்வனான மார்க்குஸ் கிராசுஸின் மகனாக இருக்கக்கூடும் என்றாள். பின்பு, "அந்த மாமனாரைப் பற்றி உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். உரோமை வரலாறு குருமடத்தில் நாம் கற்ற பாடம். செல்வத்தால் புகழ்பெற்றவன், கி.மு. 53-இல் கீழ்த்திசைப் போரில் மடிந்தவன் என்று விடையளித்தோம். அவள் தலையசைத்து, "அதற்குமுன் அவன் இந்தச் சாலையில் செய்ததைச் சொல்லுங்கள், பாத்ரே" என்றாள். நமக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அவளே கூறினாள். கி.மு. 73-இல் காப்புவா நகரில், களத்தில் ஒருவரையொருவர் வெட்டி மாய்வதற்காகப் பயிற்றப்பட்ட வாட்போர் அடிமைகள் சுமார் 70 பேர் தப்பியோடினர். ஸ்பார்த்தக்குஸ் என்பவன் அவர்கள் தலைவன். பண்ணைகளிலிருந்து அடிமைகள் வந்து வந்து சேர, அது பல்லாயிரவர் கொண்ட படையாயிற்று. கி.மு. 71-இல் கிராசுஸ் அப்படையை அழித்தான். உயிரோடு பிடிபட்ட ஆறாயிரம் அடிமைகளைக் காப்புவா தொடங்கி உரோமை வரை, இதே ஆப்பியா சாலையின் நெடுகிலும் சிலுவைகளில் அறைந்தான். இதனை எழுதி வைத்தவர் அப்பியானுஸ் என்ற வரலாற்றாசிரியர். அடிமைகளை வென்றது பெருவெற்றியாகாது என்று ஆட்சி மன்றம் கிராசுஸுக்கு முழு வெற்றி விழா அளிக்கவில்லை; சிறு விழாவே அளித்தது.

குழுவிலிருந்த ஒருவர், அச்சிலுவைகள் நின்ற இடத்தில் ஏதேனும் பழைய அடையாளம் உண்டா என்றார். அவள் சாலையை மட்டும் காட்டினாள். மரம் மக்கிவிடும். அடிமைகளுக்குக் கல்வெட்டு ஏது?

வாசகர்களே, நாம் குருப்பட்டம் பெற்று 27 ஆண்டுகள் ஆகின்றன. ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கிழமையும் சிலுவையைப் பற்றிப் பிரசங்கம் செய்திருக்கிறோம். சிலுவை அடிமைகளுக்குரிய தண்டனை என்று ஒரு வாக்கியத்தை ஆண்டுதோறும் தவறாமல் சொல்லி, அடுத்த வாக்கியத்திற்குப் போயிருக்கிறோம். எந்த அடிமைகள் என்று நாம் கேட்டதில்லை. கல்வாரியில் நின்றவை மூன்று சிலுவைகள். நாமும் மூன்றையே எண்ணி வந்தோம். ஆண்டவர் அடிமையின் தன்மை பூண்டு சிலுவைச் சாவு மட்டும் தம்மைத் தாழ்த்தினார் என்ற கருத்தைச் சின்னப்பர் பிலிப்பியருக்கு எழுதியபோது, அதை வாசிக்கக் கேட்ட அடிமைகளுக்கு அது வேத சாஸ்திரமாக ஒலித்திருக்காது. தன் பாட்டனின் பாட்டன் எவ்வாறு இறந்தான் என்பது அவர்களுள் சிலருக்கேனும் தெரிந்திருக்கும். சின்னப்பர் சங்கிலியோடு இச்சாலையில் வந்தபோது, அந்த ஆறாயிரம் சிலுவைகள் நின்று ஏறத்தாழ 130 ஆண்டுகளே ஆகியிருந்தன.

அந்த ஆறாயிரவர் நல்லவர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. ஊர்களைக் கொள்ளையிட்டனர், கொலைகளும் செய்தனர். ஆண்டவரின் வலப்புறம் தொங்கியவனும் நல்லவன் அல்லன். ஒருவேளை அதனாலேயே அவர்களை நம் பிரசங்கங்களில் சேர்க்காமல் விட்டோமோ, அல்லது வெறும் அறியாமையோ, நமக்கே தெளிவில்லை.

மற்றவர்கள் வண்டியேறி முன்னே சென்றனர். அன்று பிற்பகல் கண்ட நீர்ப்பாலங்களைப் பற்றி, கிளாவுதியுஸ் மன்னர் காலத்து உயர்ந்த வளைவுகளைப் பற்றி, இடம் கிடைத்தால் வேறொரு மாதம் எழுதுவோம். அப்போது நமக்கு மிதிக்க மனம் வரவில்லை. இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். 25 கிலோ எடையுள்ள அவ்வண்டியைக் கரும்பாறைக் கற்களின்மேல் தள்ளுவது எளிதன்று. முழங்காலும் தன் கருத்தைத் தெரிவித்தது. காப்புவாவிலிருந்து உரோமைக்கு ஏறத்தாழ 195 கிலோமீட்டர். அதனை ஆறாயிரத்தால் வகுத்தால் முப்பத்திரண்டரை மீட்டருக்கு ஒரு சிலுவை. நம் நடைக்கு ஏறத்தாழ 45 அடிகள்.

ஒன்று, இரண்டு என்று அடிகளை எண்ணத் தொடங்கினோம். நாற்பத்தைந்தில் நின்று, ஒரு செபம். மறுபடி ஒன்றிலிருந்து. இருபுறமும் பைன் மரங்கள், உடைந்த கல்லறைகள், தலையற்ற சிலைகள். எங்களைக் கடந்து ஒரு குடும்பத்தார் நாயுடன் நடந்து சென்றனர்.

பதினேழாவது சிலுவைக்கு அடிகளை எண்ணிக்கொண்டிருந்தபோது வழிகாட்டிப் பெண் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, மின்கலத்தில் பழுது ஏதேனும் உண்டா என்று கேட்டாள். இல்லை என்றோம். நம் முகத்தையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். பின்பு தானும் இறங்கி, ஒன்றும் பேசாமல், நம்மோடு சேர்ந்து தள்ளிக்கொண்டு நடந்தாள்.